நுகத்தடி – 9: தீவில் அசைந்த லாந்தர்கள்

1945 ஜூன். ஐரோப்பாவில் போர் ஓய்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நியூயார்க்கின் மெக்ஆல்பின் ஹோட்டலில் கூடிய பழமைவாத யூத குருமார்கள், மொர்டெகாய் கப்லானைச் சமயத்திலிருந்து விலக்கிவைத்தார்கள். அவர் தொகுத்த பிரார்த்தனை நூல் அங்கேயே எரிக்கப்பட்டது. பெர்லின் வீதியில் நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்திய 12 ஆண்டுகளுக்குப் பிறகு, யூதர்களின் கையாலேயே ஒரு யூதப் பிரார்த்தனை நூல் தீக்கிரையானது. சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

கப்லான் அப்படி என்ன செய்துவிட்டார்? வானத்தில் வீற்றிருந்து அற்புதம் நிகழ்த்தும் ஒருவரைக் கடவுள் என்று ஏற்க அவருக்கு மனம் வரவில்லை. மனிதனை மேன்மைப்படுத்த இந்த உலகுக்குள்ளேயே இயங்கும் ஆற்றலுக்குத்தான் அந்தப் பெயர் என்றார். அவருக்கு முன்பே, 1907-இல் மிசூரி நதியின் மேல் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹென்றி நெல்சன் வீமன் என்ற கல்லூரி மாணவர், இனி வாழ்நாள் முழுக்க இந்தத் தேடல்தான் என்று முடிவெடுத்ததைப் பார்த்தோம். 1940-இல், ஆளுருவம் கொண்ட கடவுள் என்ற கருத்தைக் கைவிடுங்கள் என்று மதபோதகர்களைக் கேட்டுக்கொண்ட ஐன்ஸ்டைன், அதற்காக அமெரிக்கா முழுவதும் ஏச்சு வாங்கியதையும் பார்த்தோம்.

மூன்று பேர், மூன்று ஊர், மூன்று தனிமைகள். கேள்வி மட்டும் ஒன்று. இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஒருவன் பக்தியோடு வாழ முடியுமா? இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டு விவாதிக்க மூவருக்கும் பொதுவான ஒரு சபையோ ஒரு பத்திரிகையோ அன்று இல்லை.

இந்த வாரம் அந்தக் கேள்விக்கு ஓர் இடம் கிடைக்கிறது. கப்பலில்தான் போக வேண்டும்.

* * *

தீவுக்குப் போகும் முன், 1954 எப்படிப்பட்ட ஆண்டு என்று தெரிந்துகொள்வோம்.

மார்ச் 1-ஆம் தேதி, பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. விஞ்ஞானிகள் போட்ட கணக்கைப்போல இரண்டரை மடங்கு வலிமையோடு அது வெடித்தது. 15 மெகாடன். தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே வலை வீசிக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் வெள்ளைச் சாம்பல் மழைபோல் கொட்டியது. படகில் இருந்தவர்கள் 23 மீனவர்கள். அது என்னவென்றே தெரியாமல் கையால் தட்டிவிட்டார்கள். அந்தப் படகின் வானொலி இயக்குநர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார்.

ஏப்ரலில், அணுகுண்டுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஓப்பன்ஹைமர் விசாரணைக் கூண்டில் உட்கார்ந்தார். தேசத்துக்கு அவர் விசுவாசமானவரா என்று வாரக்கணக்கில் கேள்வி கேட்டார்கள்.

ஜூன் 14-ஆம் தேதி அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றுமுதல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் சேர்ந்தன. கடவுளை மறுக்கும் சோவியத்துக்கு எதிரே கடவுளைக் கொண்டுபோய் நிறுத்தியது அரசாங்கம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கோடைகாலத்தின் புழுக்கம் புரியும். தாங்கள் கண்டுபிடித்தது தங்கள் கணக்கையே மீறிப்போகிறது என்ற பயம் விஞ்ஞானிகளுக்கு இருந்தது. தாங்கள் வணங்கும் பெயர் அரசியல் முழக்கமாகிவிட்டது என்ற வேதனை நேர்மையான போதகர்களுக்கு இருந்தது. பழைய பகை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இரு தரப்புக்கும் உறக்கம் கெட்டிருந்தது. அந்த உறக்கமின்மைதான் இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு.

மேசையைப் போட்டவர் ஒரு பட்டதாரிகூட அல்ல.

* * *

ரால்ஃப் வெண்டல் புர்ஹோ 1911-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் சேர்ந்து, பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை உலுக்கிய 1932-இல் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். பிறகு ஆண்டோவர் நியூட்டன் இறையியல் பள்ளியில் இரண்டு ஆண்டுகள். அதையும் முடிக்கவில்லை. 1936-இல், பாஸ்டனுக்குத் தெற்கே ப்ளூ ஹில் குன்றின்மேல் இருந்த ஹார்வர்டின் வானிலை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இறையியல் பள்ளியிலிருந்து வானிலை நிலையத்துக்கு. அந்த இடமாற்றத்தில்தான் இந்த மனிதரின் வாழ்க்கைக் கேள்வி முழுதும் அடங்கியிருக்கிறது.

அவர் அங்கே பணியாற்றிய காலத்தில், 1938 செப்டம்பர் 21 அன்று, ஒரு பெரும் புயல் நியூ இங்கிலாந்தைத் தாக்கியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ப்ளூ ஹில்லின் காற்றுவேகமானி அன்று பதிவுசெய்த உச்ச வீச்சு மணிக்கு 186 மைல். நம் கணக்கில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கரையோர ஊர்களில் மக்கள் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, குன்றின்மேல் இருந்த தாளில் அந்தப் புயல் ஒரு எண்ணாக மாறியிருந்தது.

அப்படிப்பட்ட ஒரு நாளில் இறந்தவனின் வீட்டாரிடம் போதகர் என்ன சொல்வார்? இறைவனின் சித்தம் என்பார். வானிலை அறிஞர் காற்றழுத்தம் என்பார். முதல் பதிலை நம்ப முடியாமல், இரண்டாவது பதில் போதாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். தன் தலைமுறையின் மதம் செத்துக்கொண்டிருப்பது அது பொய் என்பதால் அல்ல, அதற்குத் தெரிந்த உண்மையை இன்றைய மொழியில் சொல்லத் தெரியாததால்தான் என்ற நம்பிக்கை புர்ஹோவுக்கு ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டது. அந்த மொழி அறிவியலிடம் இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

1947-இல் ஒரு கதவு திறந்தது. அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்தின் செயல் அலுவலர் பதவி. 1780-இல் பாஸ்டனில் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தில், நாட்டின் பேர்பெற்ற அறிஞர்கள் உறுப்பினர்கள். கூட்டம் கூட்டுவது, கடிதம் எழுதுவது, அறிக்கைகளை அச்சுக்கு அனுப்புவது எல்லாம் செயல் அலுவலரின் பொறுப்பு. அவர் பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை. ஆனால் யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்பது அவர் கையில் இருந்தது.

அந்தக் கழகத்துக்குள் 'அறிவியலும் விழுமியங்களும்' என்ற பெயரில் ஒரு குழு உருவானது. அந்த வட்டத்திலிருந்து புர்ஹோவுக்குக் கிடைத்த மிகப்பெரிய துணை, அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற வானியலாளர்களில் ஒருவர்.

* * *

ஹார்லோ ஷேப்லியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் அவர் இளம் வானியலாளராக இருந்தபோது, இரவில் நட்சத்திரம், பகலில் எறும்பு. ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுச் சுவர் ஓரமாக எறும்புகள் சாரைசாரையாகப் போகும். ஷேப்லி அளவுகோலையும் நிறுத்துக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். வெயில் ஏற ஏற எறும்பின் ஓட்டமும் ஏறும். கடைசியில், எறும்பின் வேகத்தை அளந்தால் வெப்பநிலையை ஒரு டிகிரிக்குள் சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு அது துல்லியமாக வந்தது. 1920-இல் அதை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்.

அதே கைகள்தான் நாம் வாழும் இடத்தையும் மாற்றி வைத்தன. கோளக் கொத்துகள் என்னும் நட்சத்திரத் திரள்களின் தூரங்களை அளந்து, பால்வீதியின் நடுவில் சூரியன் இல்லை என்று ஷேப்லி காட்டினார். எங்கோ ஓர் ஓரத்தில், 50,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்றார். தூரம் மிகை, இன்றைய கணக்கு அதில் ஏறக்குறைய பாதி. ஆனால் செய்தி சரி. கோபர்நிகஸ் பூமியை நடுவிலிருந்து நகர்த்தினார், ஷேப்லி சூரியனை நகர்த்தினார்.

அடுத்த அடி அவர்மேலேயே விழுந்தது. பால்வீதிதான் மொத்தப் பிரபஞ்சம் என்று அவர் வாதாடி வந்தார். 1924-இல் எட்வின் ஹப்பிளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்ட்ரோமெடா என்பது பால்வீதிக்கு வெளியே இருக்கும் இன்னொரு நட்சத்திர உலகம் என்பதற்கான சான்று அதில் இருந்தது. தன் பிரபஞ்சத்தை அழித்த கடிதம் என்று அதை ஷேப்லி காட்டியதாக, அப்போது உடனிருந்த சிசிலியா பெய்ன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஷேப்லி தோல்வியை ஒப்புக்கொண்டார். அடுத்த பல ஆண்டுகள் அந்த வெளி உலகங்களையே ஆராய்ந்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? மதவாதிகளோடு உட்கார்ந்து பேசப் போகிற விஞ்ஞானிக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான தகுதி இதுதான். தான் பிழைபட்டதைப் பொதுவில் ஒப்புக்கொண்ட அனுபவம்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. லண்டனில் வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடியதில் நொந்துபோயிருந்த இளம் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரை, 1935-இன் இறுதியில் ஹார்வர்டுக்கு அழைத்து விரிவுரையாற்ற வைத்தவர் ஷேப்லிதான். வேலையும் தருவதாகச் சொன்னார். சந்திரசேகர் சிகாகோவைத் தேர்ந்தெடுத்தார்.

அரசியலிலும் ஷேப்லி வளைந்துகொடுக்கவில்லை. 1946-இல் அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அவரை அழைத்துக் குடைந்தது. 1950-இல் செனட்டர் மெக்கார்த்தி அவர் பெயரையும் பட்டியலில் சேர்த்தார். 1952-இல் ஹார்வர்டு ஆய்வகத்தின் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றபோது ஷேப்லிக்கு வயது 66. இனிமேல் ஓய்வு என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

* * *

அழைப்பு வந்தது மதத்தின் பக்கத்திலிருந்து. இந்தக் கதையின் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதுதான்.

நியூ ஹாம்ப்ஷயர் கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் ஸ்டார் தீவு இருக்கிறது. மரம் அதிகம் இல்லாத பாறைத்திட்டு. முன்பு காட் மீனைப் பிடித்து, பாறைமேல் காயவைத்து, கருவாடாக்கி விற்ற மீனவர்களின் ஊர். மீனவர் குடும்பங்கள் போன பிறகு, 1870-களில் அங்கே ஓஷியானிக் என்ற பெரிய மர ஹோட்டல் எழுந்தது. 1897 முதல் யூனிட்டேரியன் கிறிஸ்தவர்கள் கோடைதோறும் அங்கே மாநாடு நடத்தினார்கள். பின்னர் தீவையே வாங்கிவிட்டார்கள்.

1950-களின் தொடக்கத்தில், பல சபைகளைச் சேர்ந்த போதகர்கள் 'வரவிருக்கும் பெரும் சபை' என்ற பெயரில் அங்கே கூடிவந்தார்கள். எல்லா மதத்தாரும் ஏற்கக்கூடிய ஒரு பொது நம்பிக்கையைக் கண்டடைவது அவர்கள் கனவு. பேசப் பேச ஒரு சுவரில் முட்டிக்கொண்டார்கள். எந்த வேதத்தை எடுத்தாலும் அது ஒரு கூட்டத்தாருக்கு உரியது. டோக்கியோவிலும் சிகாகோவிலும் கெய்ரோவிலும் ஒரே மாதிரி செல்லுபடியாகும் அறிவு அறிவியலிடம்தான் இருந்தது. அப்படியானால் அறிவியல் தெரிந்தவர்களை அழைக்காமல் இந்தப் பேச்சு எப்படி முடியும்?

பாஸ்டன் கழகத்தின் குழுவுக்கு அழைப்பு போனது. புர்ஹோ அதைப் பற்றிக்கொண்டார். 1954 கோடையில் விஞ்ஞானிகள் படகேறினார்கள். மாநாட்டின் தலைப்பு: அறிவியல் யுகத்தில் மதம்.

தீவின் அன்றாடம் அப்போது எளிமையானது. குடிக்கவும் குளிக்கவும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. பரிமாறுவது, அறையைப் பெருக்குவது எல்லாம் கல்லூரி வயதுப் பிள்ளைகள். 'பெலிகன்கள்' என்று தீவில் அவர்களுக்குப் பெயர். ஹோட்டலின் நீண்ட திண்ணையில் ஆடுநாற்காலிகள் வரிசையாகக் கடலைப் பார்த்துக் கிடக்கும். காலையில் சொற்பொழிவு. பிற்பகலில் அந்த நாற்காலிகளில் அதே சண்டை தொடரும். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வழியில்லை. அடுத்த படகு வரும்வரை எதிராளியோடுதான் சாப்பிட வேண்டும்.

இது சின்ன விஷயம் அல்ல. நகரத்து அரங்கில் ஒரு மணி நேரம் மோதிவிட்டு ஆளுக்கொரு திசையில் கலைந்திருந்தால், இந்தக் கூட்டம் ஒரு ஆண்டோடு முடிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருட்டியதும் அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. மெழுகுவத்தி எரியும் கண்ணாடி லாந்தர் ஒன்றை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராக, பேசாமல் மேட்டில் ஏறுவார்கள். மேலே 1800-இல் கட்டிய சிறிய கற்கோயில். உள்ளே வேறு விளக்கு கிடையாது. வந்தவர்கள் தத்தம் லாந்தரைச் சுவரோரத் தாங்கிகளில் மாட்ட மாட்ட, இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகும். எல்லோரும் வந்த பிறகுதான் அறை முழுதாகத் தெரியும். வழிபாடு முடிந்ததும் அவரவர் லாந்தரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கோயில் மறுபடி இருண்டுவிடும்.

கடவுளை நம்பாத உயிரியலாளரும் அந்த வரிசையில் நடக்கலாம். யாரும் தடுக்கவில்லை. அவர் எதற்காக நடந்தார், எதன்முன் அமைதியாக நின்றார் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரின் முடிவுவரை அது நம்மை விடப்போவதில்லை.

* * *

அந்த வாரம் எந்த விஞ்ஞானியும் ஞானஸ்நானம் பெறவில்லை. எந்தப் போதகரும் அங்கியைக் கழற்றவில்லை. நடந்தது அதைவிட அமைதியானது, அதைவிட நீடித்தது. இது ஒரு கோடையோடு முடிய வேண்டிய பேச்சு அல்ல என்று இரு தரப்பும் உணர்ந்தன. 1954 நவம்பரில் 'அறிவியல் யுகத்தில் மதத்துக்கான நிறுவனம்' முறைப்படி தொடங்கியது.

அதன் நோக்க அறிக்கையில் உள்ள ஒரு துணிச்சலைக் கவனிக்க வேண்டும். மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையே சமாதானம் செய்துவைப்பது மட்டும் அல்ல அதன் இலக்கு. இன்றைய அறிவின் வெளிச்சத்தில், மனித நலனுக்கு உதவும் கோட்பாடுகளையும் நடைமுறைகளையும் புதிதாக உருவாக்குவோம் என்றது. எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவருக்கும் புரியும் மொழியில் அவற்றைச் சொல்வோம் என்றது. வேறு வார்த்தையில் சொன்னால், மதத்தையே பழுதுபார்க்க முன்வந்தார்கள்.

அதற்கு அந்த ஆண்டுகளின் அறிவியலும் தெம்பு கொடுத்தது. 1953-இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வெளிப்பட்டிருந்தது. அதே ஆண்டு சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற இளம் மாணவர், ஆதி பூமியின் காற்றாகக் கருதப்பட்ட மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் வந்துவிட்டன. உயிர் தோன்ற அற்புதம் வேண்டியதில்லை என்று தோன்றத் தொடங்கியது. ஷேப்லிக்கு இது பெரும் உற்சாகம். நட்சத்திரம்முதல் எறும்புவரை இடைவெளி இல்லாத ஒரே வளர்ச்சி என்று அவர் ஊர் ஊராகப் பேசினார். அவர் குரலில் இருந்த பரவசம், பழைய போதகர்களின் குரலில் இருந்த அதே பரவசம்.

கோடைதோறும் தீவில் கூடினார்கள். அந்தப் பேச்சுகளின் விளைச்சலாக, 1960-இல் ஷேப்லி பதிப்பித்த ஒரு நூல் வந்தது. மதத்தைப் பற்றி அறிவியலாளர்கள் யோசித்துப் பார்த்த கட்டுரைகள். எழுதியவர்களில் ஒருவர் ஹட்சன் ஹோக்லண்ட் என்ற உடலியலாளர். அவர் மனைவி ஒருமுறை கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது, மருந்து வாங்கப் போய்த் திரும்பிய கணவரிடம் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். ஹோக்லண்ட் போனதோ கொஞ்ச நேரம்தான். அவர் உடனே நிறுத்துக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, மனதுக்குள் ஒரு நிமிடம் எண்ணச் சொன்னார். காய்ச்சல் ஏற ஏற அந்த ‘நிமிடம்’ சுருங்கியது. மலைமேல் ஷேப்லி அளந்த எறும்புக்கும், படுக்கையில் கிடந்த அந்தப் பெண்ணின் கால உணர்வுக்கும் ஒரே விதி. வெப்பம் ஏறினால் உயிரின் வேதிவினை வேகமாகும்.

அந்தப் புத்தகத்தை எழுதிய கூட்டத்தின் பார்வை இந்த இரண்டு நிறுத்துக்கடிகாரங்களில் தெரிகிறது. மனிதன் இயற்கையின் உள்ளே இருக்கிறான், அவன் காலத்தை உணரும் விதம்கூட உள்ளேதான் இருக்கிறது. அப்படியென்றால் அவன் கும்பிடுவதும்?

* * *

இதற்கிடையே இன்னொரு இடி விழுந்திருந்தது.

1959 நவம்பர். டார்வினின் நூல் வெளிவந்து 100 ஆண்டு நிறைவதை சிகாகோ பல்கலைக்கழகம் பெருவிழாவாகக் கொண்டாடியது. நன்றிகூறல் நாளன்று, பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில், பிரசங்கம் நடக்கும் இடத்தில் ஏறி நின்றார் ஜூலியன் ஹக்ஸ்லி. டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியின் பேரன். மதங்களும் பரிணாமத்தில் தோன்றிய உறுப்புகள் போன்றவையே என்றார். மனிதன் தானே கற்பித்துக்கொண்ட தந்தைத் தெய்வத்தின் மடியில் இனியும் ஒளிய முடியாது என்ற பொருளில் பேசினார்.

நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. மாதக்கணக்கில் பத்திரிகைகளும் பிரசங்க மேடைகளும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. பரிணாமத்தைப் பள்ளியில் கற்பிக்கவிடாமல் தடுக்கும் இயக்கம் அமெரிக்காவில் மறுபடி தலையெடுத்ததற்கு அந்த உரையும் ஒரு தூண்டுதல் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

ஹக்ஸ்லி சொன்னதற்கும் ஸ்டார் தீவில் பேசப்பட்டதற்கும் உள்ளடக்கத்தில் பெரிய தூரம் இல்லை. ஆனால் ஒருவர் தேவாலயத்துக்குள் ஏறி நின்று தீர்ப்புச் சொன்னார். மற்றவர்கள் அழைப்பின்பேரில் வந்து, இரவில் லாந்தர் பிடித்து நடந்தார்கள். எந்த வழி அதிகம் சாதித்தது என்பதில் கருத்து வேறுபடலாம். எனக்கு இரண்டாவது வழிமேல்தான் மரியாதை.

* * *

1964-இல் புர்ஹோ அந்த சிகாகோவுக்கே குடிபெயர்ந்தார். 17 ஆண்டுகள் வகித்த கழகப் பதவியை விட்டுவிட்டு, 53 வயதில், மீட்வில் என்ற சிறிய இறையியல் பள்ளியில் 'இறையியலும் அறிவியல்களும்' என்ற துறைக்குப் பேராசிரியரானார். படிப்பை முடிக்காமல் ஓர் இறையியல் பள்ளியைவிட்டு வெளியேறியவர், 28 ஆண்டுகள் கழித்து இன்னொன்றில் ஆசிரியராக நுழைந்தார். மறு ஆண்டே ஓர் உயராய்வு மையம் தொடங்கினார்.

1966 மார்ச்சில், சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக ஒரு காலாண்டிதழின் முதல் இதழ் வந்தது. பெயர்: சைகான்.

சைகான் என்பது கிரேக்கச் சொல். அதற்குப் பொருள் நுகத்தடி. நம் 'யோகம்' என்ற சொல்லுக்கும் அதற்கும் மூல வேர் ஒன்று. ஆணணுவும் பெண்ணணுவும் சேர்ந்து ஒன்றாகும் முதல் செல்லுக்கு 'சைகோட்' என்று பெயர் வந்ததும் அங்கிருந்துதான். இந்தத் தொடரின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்களுக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும்.

ஏர் பூட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் ஆழம் தெரியும். இரண்டு மாட்டையும் ஒன்றாக்குவது நுகத்தடியின் வேலை அல்ல. இடத்து மாடு இடத்து மாடுதான், வலத்து மாடு வலத்து மாடுதான். ஒன்று முந்தினால் நுகம் சாயும். ஒன்று படுத்துவிட்டால் மற்றதன் கழுத்து புண்ணாகும். பூட்டாங்கயிறு இருக்கும்வரை, ஒன்றின் நடை மற்றதைப் பாதிக்காமல் இருக்க வழியே இல்லை. புர்ஹோ விரும்பியது அதைத்தான்.

அடுத்த மாதம், ஏப்ரல் 8 தேதியிட்ட டைம் வார இதழ் கடைகளில் தொங்கியது. படமே இல்லாத கறுப்பு அட்டை. சிவப்பு எழுத்தில் ஒரே கேள்வி: கடவுள் இறந்துவிட்டாரா? வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அதே ஆண்டில்தான் இயற்பியலாளர் இயன் பார்பர், அறிவியல்–மத உறவைத் தனி ஆய்வுத் துறையாக நிலைநிறுத்திய தன் நூலையும் வெளியிட்டார். அட்டைக் கேள்வியும், புதிய இதழும், புதிய துறையும் ஒரே ஆண்டில் வந்துசேர்ந்தன.

புர்ஹோவிடம் அந்த அட்டைக் கேள்விக்குப் பதில் இருந்தது. கடவுள் இறக்கவில்லை, நாம் அவரைப் பழைய முகவரியில் தேடுகிறோம். எது வாழும், எது அழியும் என்று தீர்மானிக்கிற, நம்மை உருவாக்கிய, நம்மால் மீற முடியாத ஒரு சக்தி இருக்கிறது. முன்னோர்கள் அதற்கு ஆண்டவன் என்று பெயரிட்டார்கள். அறிவியல் அதை இயற்கைத் தேர்வு என்கிறது. இரண்டும் ஒன்றே. மதங்கள் என்பவை, அந்தச் சக்தியோடு இசைந்து வாழத் தலைமுறை தலைமுறையாகத் தேறிவந்த அறிவு; மரபணுவில் எழுதப்படாமல் சடங்கிலும் கதையிலும் எழுதப்பட்ட அறிவு. 1972-இல் 'இயற்கைத் தேர்வும் கடவுளும்' என்ற தலைப்பிலேயே இதைச் சைகானில் விரித்து எழுதினார்.

கம்பீரமான வாதம்தான். ஆனால் அதன் அடியில் ஒரு முள் இருக்கிறது. மானின் காலை இவ்வளவு அழகாகச் செதுக்கிய அதே இயற்கைத் தேர்வுதான் பெரியம்மைக் கிருமியையும் செதுக்கியது. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் அது எதுவும் சொல்லாது. அவள் அழுவதும் அதற்குக் கேட்காது. அதற்கு அஞ்சலாம், அதைப் புரிந்துகொள்ளலாம். ஸ்டார் தீவின் கற்கோயிலில் லாந்தரை மாட்டிவிட்டு அதன்முன் தலைவணங்க முடியுமா? நன்றி சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி, புர்ஹோவின் வழியில் போகாமல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தவர் ஒரு பெண். செல் உயிரியலாளர். குளத்து நீரில் வாழும் ஒற்றைச் செல் பாசியின் கூடலை நுண்ணோக்கியில் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். மதங்களின் வரலாற்றை ஆராய்ந்த ஒரு பேராசிரியரின் மகள். அவர் பெயர் உர்சுலா குட்இனஃப்.

கடவுள் என்ற சொல்லையே எடுத்துவைத்துவிட்டு, 'புனிதம்' என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொள்ள முடியும் என்று அவர் எப்படி நம்பினார்?

அடுத்த வாரம் பார்ப்போம்.